அராபாங்கின் அம்மா

கூடாரத்துக்குக் கதவு கிடையாது, தட்ட முடியாது. அதனால் மொரோங்வா படியில் நின்று "கோ கோ" என்று குரல் கொடுப்பாள். ஊரில் அடுத்த வீட்டுக்குப் போகிறவர்கள் வேலிக்கு வெளியே நின்று கூப்பிடுகிற அதே குரல்தான். பதில் வராவிட்டால் வாசல் விரிப்பைப் பார்ப்பாள். விருந்தாளிகளின் தடித்த காலணிகள் அங்கே இல்லையென்றால் அவர்கள் வண்டியேறி விலங்கு பார்க்கப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். அப்புறம்தான் திரைத்துணியின் ஜிப்பை மேலே இழுத்துவிட்டு உள்ளே போவாள்.

போனதும் கட்டிலுக்கு அடியில் விளக்கடித்துப் பார்ப்பாள். பாம்பு, தேள், விருந்தாளியின் ஒற்றைக் கம்மல், எது தொலைந்தாலும் ஒளிந்தாலும் அங்கேதான். பிறகு விரிப்பை உருவி உதறுவாள். தலையணை இரண்டும் கட்டிலின் இரு ஓரங்களில் ஒதுங்கிக் கிடந்தால் ராத்திரி புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ வாக்குவாதம். பித்தளைத் தொட்டியில் தண்ணீர் ஆறிப்போய் அப்படியே நின்றால் அந்த அம்மாள் குளிக்கும்போது உயர்ந்த மர நடைபாதைக்குக் கீழே யானை வந்திருக்கிறது. இதையெல்லாம் மொரோங்வா யாரிடமும் சொல்லமாட்டாள். பேச்சு அவளுக்குக் குறைவு. பாட்டு மட்டும் உண்டு.

புது விருந்தாளிகளின் வண்டி வரும்போது காட்டு விலங்கு பார்க்க வருகிறவர்கள் தங்குகிற அந்த முகாமில் வேலை செய்கிற அத்தனை பேரும் வாசலில் வரிசையாக நின்று பாடுவார்கள். முதல் அடியை மொரோங்வாதான் எடுப்பாள். அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்குத் தொண்டை திறக்கும். "அராபாங் அம்மா, ஆரம்பி!" என்று சமையல்காரர் பின்னாலிருந்து விரட்டுவார்.

அராபாங் அம்மா. முகாமில் அவளுக்கு அதுதான் பெயர். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளை மூத்த பிள்ளையின் பெயரை முன்னால் வைத்துத்தான் கூப்பிடுவார்கள். வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளை இன்னும் சின்னப்பெண் என்று நினைக்கிறார்கள் என்று ஆகிவிடும். மொரோங்வா வேலைக்கு வந்த அன்று துணி வெளுக்கும் கொட்டகையில் ஒரு மூத்த பெண் கேட்டாள், "யாரோட அம்மா நீ?" மொரோங்வா சொன்னாள். மறுநாளிலிருந்து முகாம் முழுக்க அந்தப் பெயர்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு முதுகு கொஞ்சம் நிமிரும்.

ஆனால் செரோங்காவில் அராபாங் அம்மா என்றால் அது வேறொருத்தி.

செரோங்கா ஆற்றோரத்து ஊர். மொரோங்வாவும் அவளுடைய அக்கா பசாதியும் அங்கே பிறந்தவர்கள். பசாதிக்குக் கல்யாணம் ஆகி வெகுகாலமாகியும் குழந்தை இல்லை. மொரோங்வாவுக்குக் கல்யாணம் ஆகாமலே குழந்தை பிறந்தது. குழந்தையின் அப்பன் சுரங்க வேலைக்குப் போகிறேன் என்று போனவன், அங்கேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். குழந்தை சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய சமயத்தில் முகாமில் ஆள் எடுக்கிறார்கள் என்று சேதி வந்தது. மூன்று மாதம் வேலை, ஒரு மாதம் விடுப்பு. முகாமில் குழந்தைகளை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. சிங்கம் நடமாடுகிற இடம்.

"நீ போ. நான் பாத்துக்கறேன்" என்றாள் பசாதி. அந்த வார்த்தையை அவள் காப்பாற்றினாள். காய்ச்சலில் விழித்திருந்தது பசாதி, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது பசாதி, பல் விழுந்தபோது அதைக் கூரைமேல் எறிந்ததும் பசாதி. பார்த்தவர்கள் அவளை அராபாங் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கூப்பிட்டாள், அடுத்தவளுக்கும் அதுவே வாயில் வந்தது. குழந்தையும் பெரியம்மாவை அம்மா என்றது. பெற்றவளை, ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் கூப்பிடுவதைப்போல, அக்கா என்றது.

மொரோங்வா அதைக் கேட்டாள். மனதுக்குள் ஒரு வீடு கட்ட ஆரம்பித்தாள்.

வீடு மனதுக்குள் மட்டுமில்லை, மவுன் நகரத்திலும்தான். ஒரு மனை எழுதி வாங்கினாள். விடுப்பு வந்தால் முதல் வாரம் செரோங்காவில் இருப்பாள், மற்ற நாளெல்லாம் மவுனில் மணலும் சிமெண்டும் குழைத்து வார்த்த கற்களைக் காயவைத்து அடுக்குவாள். ஒரு விடுப்பில் அஸ்திவாரம், ஒரு விடுப்பில் சுவர், இன்னொரு விடுப்பில் மழை வந்து பாதிச் சுவரைக் கரைத்தது. மகளுக்கென்று தனி அறை, அதற்குக் கிழக்குப் பக்கம் ஜன்னல். இந்த வீட்டில் ஒருநாள் மகளும் தானும் இருப்போம் என்பது அவள் கணக்கு. மகளிடம் அதைச் சொன்னதில்லை. முடிந்த பிறகு காட்டலாம் என்று இருந்தாள்.

செரோங்காவுக்குப் போகும்போது வேலிக்கு வெளியே நின்று "கோ கோ" என்பாள்.

"யாரது?" என்று பசாதி உள்ளேயிருந்து கேட்பாள். அவளுக்குத் தெரியும், இருந்தும் கேட்பாள். "அடியே, சொந்த வீட்டுக்கு வரவ கோ கோன்னு கத்துவாளா? கூடாரத்துலேயே இருந்து இருந்து மூளை கெட்டுப்போச்சா?"

"பழக்கமாயிடுச்சுக்கா."

"பழக்கத்த முகாம்ல வெச்சுட்டு வா."

சொல்வாள், சிரிப்பாள், மொரோங்வாவின் பையை வாங்கிக்கொள்வாள். ஆனாலும் அடுத்த முறை மொரோங்வா கூப்பிடாமல் நுழைந்ததில்லை. கால் எழும்பாது.

இந்த வருடம் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. முகாம் மேலாளர் மொலெஃபி அவளை அலுவலகத்துக்கு அழைத்து, மவுனில் கம்பெனியின் துணிக்கிடங்குக்குப் பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும் என்றார். தினமும் வீட்டிலிருந்து போய்வருகிற வேலை. வீட்டுக்குக் கூரையும் போட்டாகிவிட்டது. மொரோங்வா விடுப்பில் ஊருக்குப் போனபோது அக்காவிடம் அதைச் சொன்னாள். பசாதி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நான் கட்டிப்போட்டு வெச்சிருக்கேனா? அவகிட்ட கேளு. வரேன்னா கூட்டிட்டுப் போ."

"உனக்குக் கோவமாக்கா?"

"அவகிட்ட கேளுன்னேன்ல."

இரண்டாவது விஷயம், நீண்டகாலம் வேலை செய்தவர்களுக்கு முகாம் கொடுக்கும் ஒரு சலுகை. கூடாரம் காலியாக இருக்கிற பருவத்தில் ஒரு நாள் அங்கே விருந்தாளியாகத் தங்கலாம். கூட ஒருவரை அழைத்து வரலாம். பள்ளி விடுமுறைக்கு ஒத்துவருகிற மாதிரி மொரோங்வாவின் முறை வந்தது. விடுப்பு முடிந்து அவள் மவுனிலிருந்து திரும்புகிற விமானத்திலேயே, ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்த அராபாங்கையும் அழைத்துக்கொண்டாள். அங்கே வைத்துக் கேட்டுவிடுவது என்று முடிவு. நல்ல இடம், நல்ல சாப்பாடு, தான் மதிக்கப்படுகிற இடம். மகள் அதைப் பார்க்கட்டும்.

விமானம் மிகச் சிறியது. அராபாங் ஜன்னலில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு வந்தாள். கீழே வெள்ளம் புல்வெளிக்குள் விரல் விரலாக நுழைந்துகொண்டிருந்தது. மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. பசாதி கொடுத்தனுப்பியது, காய்ந்த அல்லிக்கிழங்கு.

"அங்க சாப்பாடு குடுப்பாங்கன்னு சொன்னேனே" என்றாள் மொரோங்வா.

"அம்மா குடுத்தாங்க. பசிக்கிறவங்க குடுக்கற சாப்பாட்ட நம்பாதேன்னு சொன்னாங்க."

"முகாம்ல யாரு பசியா இருக்கா?"

"வெள்ளக்காரங்க எல்லாரும் ஒல்லியா இருக்காங்களாம்."

மண்தரையில் விமானம் இறங்கியது. கெரெங் வண்டியோடு நின்றான். படகு தள்ளுகிறவன், வழிகாட்டி, செரோங்காக்காரன்; நாற்பதைத் தாண்டியும் வாய் அடங்காதவன். தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டு, வெளிநாட்டு விருந்தாளிக்குக் குனிகிற மாதிரி குனிந்தான்.

"வாங்கம்மா, வாங்க. பயணம் சௌகரியமா? இந்தக் காட்டுல என்ன மிருகம் பார்க்க ஆசைப்படறீங்க?"

"உன்னப் பார்த்தாச்சு, போதும்" என்றாள் மொரோங்வா. அராபாங் சிரித்துவிட்டாள். மொரோங்வாவுக்கு நெஞ்சு லேசானது. நல்ல தொடக்கம்.

முகாம் வாசலில் எல்லோரும் வரிசையாக நின்றிருந்தார்கள். வண்டி நின்றது. ஈரத் துண்டுகளைத் தட்டில் வைத்துக்கொண்டு பெலோனோமி முன்னால் வந்தாள். கூடாரம் பார்க்கிற பெண்களில் இளையவள் அவள். முகாமே மூச்சை இழுத்துக்கொண்டு நின்றது. யாரும் பாடவில்லை. முதல் அடி எடுக்க ஆள் இல்லை. எடுக்கவேண்டியவள் வண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு கணம்தான். பிறகு மொரோங்வாவின் தொண்டை தானாகத் திறந்தது. வண்டியிலிருந்து இறங்கியவள் கைதட்டிக்கொண்டே முதல் அடியை எடுத்தாள், வரிசை வாங்கிக்கொண்டது, அவள் கால்கள் அவளைக் கேட்காமல் நடந்துபோய் வரிசையில் அவளுடைய இடத்தில் நின்றன. அங்கிருந்து திரும்பி, வண்டியைப் பார்த்து, வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு பாடினாள். வண்டியருகில் அராபாங் தனியாக நின்றாள். தன்னைத் தானே வரவேற்கிற தாயைப் பார்த்தபடி.

"ஐயோ, அராபாங் அம்மா! நீ அந்தப் பக்கம் நிக்கணும்!" என்று சமையல்காரர் கத்தினார். வரிசை முழுவதும் வெடித்துச் சிரித்தது. "அராபாங் அம்மா! விருந்தாளி! அந்தப் பக்கம்! அராபாங் அம்மா!"

அராபாங் திரும்பிப் பார்த்தாள்.

தாயைப் பார்க்கவில்லை. பின்பக்கம், வண்டி வந்த வழியை, மண்பாதையைப் பார்த்தாள். யாரோ பின்னால் இன்னொரு வண்டியில் வந்து இறங்கியிருக்கிறார்கள் என்பதுபோல எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் எழுந்து, பாதை காலியாக இருப்பதைக் கண்டதும் நின்றது.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கெரெங் கவனித்தான். மொரோங்வா கவனித்தாள். பாட்டின் அடுத்த அடி அவளுக்கு வரவில்லை. கெரெங் வேண்டுமென்றே தப்பான சுருதியில் அதை எடுத்துப் பாடி, எல்லோரையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பெலோனோமி அவர்களை மர நடைபாதை வழியாகக் கூடாரத்துக்கு அழைத்துப்போனாள். புது விருந்தாளிகளிடம் சொல்வதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். "இருட்டினப்புறம் தனியா நடக்கக்கூடாது. ஆபத்துன்னா இந்த ஊதுகொம்ப அமுக்கணும். குரங்கு வரும், ஜிப்ப மூடி வைங்க."

"எனக்கே சொல்றியாடி?"

"மேலாளர் சொல்லணும்னாரு. சும்மா தலைய ஆட்டுங்க, அராபாங் அம்மா."

அந்தப் பெயர் மறுபடியும். மொரோங்வா தலையை ஆட்டினாள். அராபாங் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெலோனோமி போனதும் மொரோங்வா கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

"என்ன தேடற?" என்றாள் அராபாங்.

"ஒண்ணுமில்ல. பாம்பு."

"இருக்கா?"

"இல்ல." எழுந்தவளின் கண் விரிப்பின் ஓரத்தில் நின்றது. பெலோனோமி மூலையைச் சரியாக மடிக்கவில்லை. மொரோங்வா அதை உருவி, இறுக்கி, மடித்துச் செருகினாள். கொசுவலையின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பப் போட்டாள். தண்ணீர்க் குவளையைத் துணியால் ஒற்றினாள்.

"அக்கா."

"ம்?"

"நம்ம விருந்தாளி."

"தெரியும்."

"அப்ப உக்காரேன்."

உட்கார்ந்தாள். அந்தத் தோல் நாற்காலியைத் துடைத்துத் துடைத்து அவளுக்கு அதன் ஒவ்வொரு ஆணியும் தெரியும். உட்கார்ந்தால் அது இவ்வளவு உள்வாங்கும் என்பது தெரியாது. கால் தரைக்கு எட்டவில்லை. இதிலிருந்து பார்த்தால் ஆறு ஒரு கோடாகவும் வானம் முழுசாகவும் தெரிகிறது. விருந்தாளிகள் ஏன் மணிக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் கிடக்கிறார்கள் என்பது புரிந்தது. எழுந்திருக்க முடியாது, அதுதான் காரணம்.

சாயங்காலச் சாப்பாட்டுக்கு நீண்ட மேசையில் ஒரு வெளிநாட்டுத் தம்பதியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் அன்பாகத்தான் விசாரித்தாள், இங்கே இதற்கு முன் வந்ததுண்டா என்று. மொரோங்வா யோசித்து, "உட்கார வந்தது இதுதான் முதல் தடவை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அராபாங் கைக்குட்டைக்குள் சிரித்தாள். சமையல்காரர் பசாதியின் அல்லிக்கிழங்கை ஊறவைத்து, மாட்டிறைச்சியோடு வேகவைத்து, பெரிய வெள்ளைத் தட்டின் நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டி வைத்து, பக்கத்தில் ஒரு இலையைச் செருகி அனுப்பியிருந்தார்.

"மீதி எங்க போச்சு?" என்று அராபாங் மெல்லக் கேட்டாள்.

"சட்டில இருக்கு. விருந்தாளிக்கு இவ்ளோதான் வைப்பாங்க" என்றாள் பெலோனோமி, தண்ணீர் ஊற்றியபடி. "நாங்க அங்க வழிச்சு வழிச்சு சாப்பிடறோம். உங்க அம்மா கைக்கு வளையல் போடணும்."

"அது பெரியம்மா அனுப்பினது" என்றாள் மொரோங்வா.

அராபாங் தலைநிமிர்ந்து தாயைப் பார்த்தாள். பிறகு கிழங்கை முழுவதும் சாப்பிட்டாள். அன்று மொரோங்வா எதுவும் கேட்கவில்லை. படுக்கப் போனதும் மகள் உடனே தூங்கிவிட்டாள். தாய் வலைக்குள் கிடந்தபடி, இந்த மெத்தையின் நடுவில் ஒரு மேடு இருக்கிறது, இத்தனை காலம் யாரும் நம்மிடம் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். மண்பாதையை எட்டிப் பார்த்த அந்த முகத்தை நினைக்காமலிருக்க அது உதவியது.

காலையில் கெரெங் மொகோரோவைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தான். ஆள் நின்று நீண்ட கழியால் தள்ளுகிற ஒடுங்கிய தோணி. விருந்தாளிகள் முன்னால் உட்காரவேண்டும்.

"மாமா, நான் தள்றேன்" என்றாள் அராபாங்.

"விருந்தாளி கழியத் தொடக்கூடாது. சட்டம்."

"நான் செரோங்காக்காரி."

"அதான் சட்டம் தெரியல." கெரெங் கழியை நீட்டினான். பிறகு அந்தப் பக்கத்து மரத்தைக் காட்டினான். "அதுக்கு அப்பால போகாத. நீர்யானை ஒண்ணு குட்டியோட இருக்கு. நான் இங்கேருந்து பாத்துக்கிட்டு இருப்பேன். உங்கம்மாவ நனைச்சுடாத, விருந்தாளி புகார் எழுதிடுவாங்க."

உங்கம்மா என்றபோது அவன் யாரையும் பார்க்கவில்லை.

தோணி அல்லிகளுக்குள் நுழைந்தது. மொரோங்வா முன்னால், மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னால் அராபாங் நின்று கழியை ஊன்றினாள். ஊன்றி, சாய்ந்து, உருவினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழவில்லை. இதை எப்போது கற்றுக்கொண்டாள்? மொரோங்வாவுக்குத் தெரியாது. அல்லி இலைகள் மேல் நடக்கிற சின்ன நீர்க்கோழி ஒன்று தன் குஞ்சுகளை அக்குளில் சுருட்டிக்கொண்டு ஓடியது. குஞ்சுகளின் நீண்ட கால்கள் மட்டும் வெளியே தொங்கின.

முகத்தைப் பார்க்காமல் கேட்பது சுலபமாக இருந்தது.

"மவுன்ல எனக்கு ஒரு வேலை சொல்லியிருக்காங்க."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"அம்மா. அக்கா கேப்பா, யோசிச்சுப் பதில் சொல்லுன்னாங்க. நான் கிளம்பற வரைக்கும் எனக்குப் பிடிச்சதா சமைச்சாங்க. பஸ் ஏர்றப்ப மட்டும் வரல. கோழியக் காணோம்னு தேடப் போயிட்டாங்க." கழி ஊன்றியது. "எல்லாக் கோழியும் அங்கதான் இருந்துச்சு."

மொரோங்வா அல்லிகளைப் பார்த்தாள்.

"மவுன்ல வீடு கட்டியிருக்கேன். கூரை போட்டாச்சு. உனக்குத் தனி ரூம்."

"எனக்கா?"

"உனக்குத்தான். கிழக்குப் பக்கம் ஜன்னல் வெச்சிருக்கேன்."

கழி ஊன்றி, எழுந்து, மறுபடி ஊன்றியது. தண்ணீர் தோணியின் பக்கங்களை உரசியது.

"லீவுல வருவ. ஒரு வாரத்துல கிளம்பிடுவ" என்றாள் அராபாங். "அம்மாகிட்ட கேப்பேன், அக்கா ஏன் அதுக்குள்ள போறான்னு. வேலை இருக்குன்னுவாங்க. அந்த ஜன்னல் வைக்கத்தான் போனியா?"

"ஆமா."

"எனக்கு ஜன்னல் வேணும்னு நான் சொன்னனா?"

குரல் உயரவில்லை. அதுதான் மொரோங்வாவுக்கு வலித்தது. தன் குரலும் இப்படித்தான், கோபம் வந்தால் தாழ்ந்துபோகும். இதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்தப் பெண் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"சொல்லல" என்றாள்.

தோணி கொஞ்சதூரம் தானாகப் போனது.

"இங்க எல்லாரும் உன்ன அராபாங் அம்மான்னு கூப்பிடறாங்க."

"ஆமா."

"எப்பலேருந்து?"

"வேலைக்கு வந்தப்பலேருந்து."

"எனக்குத் தெரியாது. நேத்து நான் திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் வந்துட்டாங்களோன்னு."

"பார்த்தேன்."

"கோவமா?"

"இல்ல." மொரோங்வா கையைத் தண்ணீரில் விட்டாள். "கொஞ்சம்."

பின்னால் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. மூக்கு வழியாக வந்த சிரிப்பு. பிறகு அதுவும் நின்றது.

"நான் மவுனுக்கு வந்துட்டா, செரோங்காவுல அம்மாவ என்னன்னு கூப்பிடுவாங்க?"

மொரோங்வாவுக்குப் பதில் தெரியும். பசாதி என்று கூப்பிடுவார்கள். குழாயடியில், தேவாலயத்தில், சாவு வீட்டில். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யமாட்டார்கள். பிள்ளை அதன் தாயிடம் போய்விட்டது, அவ்வளவுதான் என்று மெல்ல மெல்லப் பழைய பெயருக்குத் திரும்பிவிடுவார்கள். தலை நரைத்த பெண்ணை, பாவாடை கட்டின சிறுமியைக் கூப்பிடுவதுபோல. தன்னிடமிருந்து அக்கா எடுத்துக்கொண்டதாக இத்தனை வருடம் நினைத்திருந்த ஒன்றை, இப்போது தான் அக்காவிடமிருந்து உருவ வந்திருப்பதாக முதன்முறையாக அவளுக்குத் தோன்றியது. இரண்டும் உண்மைதான். ஒன்று இன்னொன்றை அழிக்கவில்லை.

"தெரியல" என்றாள். அது பொய்.

"நான் வரல அக்கா."

"சரி."

"நீ வா."

மொரோங்வா திரும்ப முயன்றாள். தோணி ஆடியது.

"திரும்பாத, கவுந்துடும்! லீவு வந்தா முழுசும் வா. வந்து வேலிக்கு வெளிய நின்னுகிட்டு கோ கோன்னு கத்தாத. அம்மாவுக்கு அது பிடிக்கல." கழி உருவப்படுகிற சத்தம். "எனக்கும்தான்."

மரத்துக்கு அப்பால் தண்ணீர் பிளந்தது. நீர்யானையின் மூச்சு சீறியது.

"ஏய், செரோங்காக்காரி!" கரையிலிருந்து கெரெங் குதித்துக்கொண்டு கத்தினான். "பின்னால! பின்னால தள்ளு! என் வேலைக்கு உலை வெச்சிடாதீங்கடி ரெண்டு பேரும்!"

அராபாங் சாய்ந்து ஒரே தள்ளில் தோணியைக் கோரைக்குள் ஏற்றினாள். கோரையின் குஞ்சத் தலைகள் இரண்டு பேர் மேலும் விழுந்தன, தண்ணீர் தோணிக்குள் அடித்தது. கரைக்கு வந்தபோது மொரோங்வா முழுசாக நனைந்திருந்தாள், சிரித்துக்கொண்டிருந்தாள், முகத்தில் இருந்தது எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை.

மத்தியான விமானத்தில் அராபாங் கிளம்பினாள். படி ஏறியவள் பாதியில் நின்றாள்.

"அடுத்த லீவு எப்ப?"

"ஆகஸ்ட்ல. மவுன்ல தரை பூசணும், அதனால..." மொரோங்வா நிறுத்திக்கொண்டாள். "ஆகஸ்ட்ல வரேன். முழுசும்."

"சரி அக்கா."

அக்காதான். அது மாறவில்லை. மொரோங்வா அது மாறும் என்று எதிர்பார்த்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. விமானம் புழுதியைக் கிளப்பிப் போனது.

அலுவலகத்தில் மொலெஃபி கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எப்படி இருந்தது நம்ம கூடாரம்?"

"மெத்தைல நடுவுல மேடு இருக்கு ஐயா."

"அப்படியா? யாருமே சொல்லலையே."

"யாரும் சொல்லமாட்டாங்க. ஐயா, மவுன் வேலைக்கு நான் போகல."

அவர் திரும்பினார். "என்னம்மா இது? உங்களுக்காகத்தான் சண்டை போட்டு வாங்கினேன். வீடுகூடக் கட்டியாச்சுன்னு சொன்னீங்களே."

"கட்டியாச்சு. அங்க போனா ஒரு மாசம் லீவு கிடைக்காது. எனக்கு இப்ப லீவு வேணும்."

"லீவுக்காக யாராவது பதவி உயர்வ விடுவாங்களா?"

"பெலோனோமிக்குக் குடுங்க. அவ குழந்தை மவுன்ல பாட்டிகிட்ட இருக்கு. இன்னும் பல்லு முளைக்கல."

"அவ சின்னப் பொண்ணு. மூலை மடிக்கவே இன்னும் வரல."

"நான் சொல்லித் தரேன். அவ போறதுக்குள்ள வந்துடும்."

மொலெஃபி பெருமூச்சு விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு காகிதத்தில் பெயரைக் குறித்துக்கொண்டார். அதற்குமேல் நின்று வாதாட மொரோங்வாவுக்குப் பழக்கமில்லை.

வெளியே வந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. புது விருந்தாளிகள். எல்லோரும் ஓடிவந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். மொரோங்வா காலையில் நனைந்து கலைந்த தலையோடு, விருந்தாளியாக வந்த நல்ல உடுப்போடு நின்றாள். சீருடை மாற்ற நேரமில்லை.

"அராபாங் அம்மா!" பின்னாலிருந்து சமையல்காரர் விரட்டினார். "ஆரம்பி!"

மொரோங்வா திரும்பிப் பார்த்தாள். வெறும் மண்பாதைதான். யாரும் வரவில்லை, வருவதற்கும் இல்லை. இருந்தாலும் அக்கா அங்கே நின்றால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் பார்த்தாள். தலையில் துணி கட்டிக்கொண்டு, கையில் டப்பாவோடு, கூப்பிட்டது தன்னையா என்று நிமிர்கிற பசாதி.

பிறகு முன்பக்கம் திரும்பினாள், கைதட்டினாள், முதல் அடியை எடுத்தாள்.